மூன்றாவது மணி

நெவில் ஓல்ட்ராய்ட் வீடு பார்த்த விதமே தனி. எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் கூரை ஒழுகுமா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பார்கள். நெவில் எதுவும் கேட்கமாட்டார். காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வாசலில் போடுவார். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுத் தரகர் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்க, இவர் பாட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். மனைவி ஜானிஸ் காருக்குள்ளேயே இருந்து செய்தித்தாளின் குறுக்கெழுத்தைப் போட்டு முடித்துவிடுவாள்.

நெவில் வடக்கே ஷெஃபீல்டில் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். வீட்டு உயரத்துக்கு நிற்கும் சம்மட்டி எந்திரத்துக்குப் பக்கத்திலேயே வயதெல்லாம் கழிந்தது. ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், “இனிமே எனக்கு ஒரு சத்தமும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம். தெற்கே போக வேண்டும், நாலு வீடும் நிறைய புல்லும் உள்ள ஊராகப் பார்க்க வேண்டும். ஜானிஸுக்கு அப்படியெல்லாம் ஆசை கிடையாது. அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறியவள். இரைச்சல் இல்லாத இடத்தில் அவளுக்குப் பசிகூட எடுக்காது. ஆனாலும் கணவனின் காது பட்ட பாட்டை நினைத்து, சரி என்று கிளம்பிவிட்டாள்.

முதலில் சசெக்ஸில் ஒரு வீடு. ரோஜாத் தோட்டம், பின்னால் ஓடை. நாற்காலி போட்ட சற்று நேரத்தில் தலைக்கு மேல் விமானம் இறங்கியது, அதன் வால் மறைவதற்குள் அடுத்தது. ஹாம்ப்ஷயரில் வேலிக்கு அப்பால் நெடுஞ்சாலை ஓயாமல் உறுமியது. வில்ட்ஷயரில் கூரை வேய்ந்த ஒரு குட்டி வீட்டைப் பார்த்ததும் ஜானிஸ் மயங்கிப்போய், ஜன்னலுக்கு என்ன நிறத் திரை என்றுகூட முடிவு செய்துவிட்டாள். அப்போது குன்றுக்கு அந்தப் பக்கம் பட்டாளத்தார் பீரங்கிப் பயிற்சியை ஆரம்பித்தார்கள். நெவில் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். சாமர்செட்டில் எல்லாம் கூடி வந்தது. பக்கத்து வீட்டில் மட்டும் மயில் வளர்த்தார்கள்.

கடைசியில் ஒரு ஜனவரி மாதத்தில் எங்கள் நெதர்கோம்புக்கு வந்தார்கள். டார்செட்டின் குன்றுகளுக்கு நடுவே ஒரு குழிக்குள் கிடக்கிற ஊர் இது. தேவாலயத்துக்கு எதிரே சுண்ணாம்புக்கல் வீடு ஒன்று விலைக்கு இருந்தது. அதன் வாசலில் நாற்காலியைப் போட்டவர், வழக்கமான நேரம் கழிந்தும் எழுந்திருக்கவில்லை. ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டுவதைத் தவிர வேறு சத்தமே இல்லை. பிறகு தெரு கடந்து என் கடைக்கு வந்தார். ஊரில் இருக்கும் ஒரே கடை என்னுடையதுதான். ரொட்டி, தபால்தலை, நாய்ச் சாப்பாடு எல்லாம் இங்கேதான்.

“இங்க எப்பவுமே இப்படித்தானா, கண்ணு?” என்று கேட்டார். வடக்கத்திக்காரர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் போதகரம்மாவையும் பிற்பாடு அப்படித்தான் கூப்பிட்டார்.

“இப்ப அமைதியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடணும், எங்க சர்ச்...” என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் விரலை உதட்டில் வைத்தார். “ஷ்! பேசாத கண்ணு. கேளு. எவ்வளவு நல்லா இருக்கு!”

நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரமே வீட்டை வாங்கிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் தேவாலயத்தின் ஆறு மணிகளையும் இறக்கி, பழுது பார்க்க வெளியூர்ப் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். வசந்த காலத்தில் திரும்பி வரவேண்டும். வந்தால் ஞாயிறு காலையில் முழங்கும், புதன் சாயங்காலம் பயிற்சி நடக்கும், கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம்.

குடிவந்த பிறகு கடைக்கு முதல்முறை வந்த ஜானிஸிடம் இதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த முட்டைப் பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

“ஐயோ ஹெஸ்தர்! இதை அவர்கிட்ட யார் சொல்றது? நாற்காலியை எடுத்துட்டு மறுபடியும் ஊர் ஊரா கிளம்பிடுவாரே!”

“நீ சொல்லு.”

“நானா? நீயே சொல்லேன்.”

இருவருமே சொல்லவில்லை. அதற்கு மாறாக வேறொன்று நடந்தது. ஆளுக்கு ஒரு மணி என்று அடிக்கும் எங்கள் குழுவில் மூன்றாவது மணிக்கு ஆள் இல்லாமல் போயிருந்தது. நான் இரண்டாவது மணி. குழுத் தலைவர் டட்லி வைன் மாட்டு டாக்டர், தடித்த ஆள், பெரிய மணி அவருடையது. ஜானிஸ் தனிமையில் வாடிப்போயிருப்பதைப் பார்த்த டட்லி ஒரு நாள் கடையில் வைத்துச் சும்மா கேட்டுவைத்தார்: “உங்க கை நல்லா உரமா இருக்கே. மணி அடிக்கக் கத்துக்கறீங்களா?”

“எத்தனை பேர் சேர்ந்து அடிப்பீங்க?” என்றாள் ஜானிஸ்.

“ஆறு பேர். அடிச்சு முடிச்சுட்டு நேரா பப்புக்குப் போவோம்.”

“பேச்சு இருக்குமா?”

“அதுதான் முக்கியமே.”

அன்றே ஒத்துக்கொண்டாள். பக்கத்து ஊர் மணிக்கூண்டில் புதன்தோறும் அவளுக்குப் பயிற்சி. நெவிலிடம் பூ அலங்கார வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். வகுப்பு என்றால் பூவோடு வீடு திரும்ப வேண்டுமே! கடையில் விற்காமல் நின்ற டாஃபடில் பூவை எல்லாம் ஒரு ரப்பர் வளையத்தில் கட்டி, வாராவாரம் நான்தான் அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். நெவில் அதைப் பார்த்துவிட்டு, “இத்தனை வாரமா படிக்கிற, இன்னும் கீரைக்கட்டு மாதிரிதானே கட்டுற” என்றாராம்.

இதற்கிடையில் நெவிலிடம் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். அமைதி தேடி வந்த மனுஷன் வீட்டில் தங்குவதே இல்லை. தினமும் கடைக்கு வருவார். வந்தால் ஐஸ்கிரீம் வைத்திருக்கும் ஃப்ரீசருக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அது பழைய பெட்டி, வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அதன்மேல் சாய்ந்தபடி பட்டாணிப் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஆதியோடந்தமாகப் படிப்பார். ஒன்றும் வாங்கமாட்டார். பட்டாணிமேல் இத்தனை பிரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் மணிகள் வந்தன. லாரியில் பூமாலை போட்டு, ஊரே கூடி, சைடர் என்கிற ஆப்பிள் மதுப் பீப்பாய் திறந்து வரவேற்றோம். நெவில் தன் வாசலில் நின்று பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“இது... மணிதானே?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமா.”

“அடிப்பீங்களா?”

“அடிக்கத்தான் கொண்டு வந்திருக்கு.”

திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். பக்கத்தில் நின்ற ஜானிஸ் என் கையை நகம் பதியப் பற்றிக்கொண்டாள்.

முதல் ஞாயிறு அடித்தோம். சின்ன மணியில் தொடங்கி, பெரியவர் படியிறங்குவது போல் ஒவ்வொன்றாகக் கீழிறங்கிப் பெரிய மணியில் முடிய வேண்டும். அன்றைக்கு மூன்றாவது படியில் ஒவ்வொரு முறையும் கால் இடறியது. ஜானிஸுக்குப் பதற்றம். தேவாலயத்தில் பூ வைக்கப் போவதாக நெவிலிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் நெவில் கடைக்கு வந்தார். வீட்டை விற்கப்போவதாகச் சொல்வார் என்று நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன்.

“அந்த மூணாவது மணிய அடிக்கிறது யாரு, கண்ணு?”

டட்லி அப்போது பாலுக்கு நின்றுகொண்டிருந்தார். சட்டென்று சீஸ் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன் கேக்கறீங்க?” என்றேன்.

“எப்பப் பாரு லேட்டு! அஞ்சு பேரு ஒழுங்கா வரானுங்க, அந்த ஒருத்தன் மட்டும் பஸ்ஸைத் தவற விட்டவன் மாதிரி பின்னால ஓடியாறான். எங்க ஆலையில ரெண்டு சம்மட்டி மாறி மாறி விழும். இப்படி ஒருத்தன் லேட்டா விட்டிருந்தா என் கை போயிருக்கும். குடிச்சிட்டு அடிக்கிறானா?”

“குடிக்கிறதெல்லாம் அடிச்சதுக்கு அப்புறம்தான்” என்றார் டட்லி, சீஸைப் பார்த்தபடியே.

அதற்கப்புறம் ஊரில் அவர் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. தபால்காரரிடம், போதகரம்மாவிடம், பப்பில். கேட்டவர்கள் எல்லோருக்கும் மூன்றாவது மணி யாரென்று தெரியும். எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினோம். வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் இதே கதைதான் என்று ஜானிஸ் வந்து குமுறுவாள்.

“‘அவன் கைய ஒடிக்கணும்’னாரு நேத்து. உருளைக்கிழங்கு பரிமாறிட்டிருக்கேன், அந்தக் கையாலதான்! கரண்டியாலயே ஒண்ணு போட்டிருப்பேன்.”

“சொல்லிடேன் ஜானிஸ்.”

“நல்லா அடிக்கக் கத்துக்கிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் மாட்டேன்.”

டட்லிக்கு வேறு கவலை. வேற்றூரிலிருந்து குடிவருகிறவர்கள் மணிச் சத்தத்தைப் பற்றிக் கவுன்சிலில் புகார் கொடுத்து நிறுத்தி வைத்த கதைகள் அவர் காதுக்கும் வந்திருந்தன. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. சத்தம் பிடிக்காதவர் மணியடிக்கும் நேரத்தில் எங்காவது காரெடுத்துக்கொண்டு போகலாம் அல்லவா? இவரோ ஒவ்வொரு புதனும் நாற்காலியைத் தோட்டத்தில் போட்டு, தேவாலயத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். பயிற்சி முடிந்த பிறகுதான் எழுந்து உள்ளே போகிறார்.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை, இன்னும் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஆறு பேரும் மணிக்கூண்டில் வட்டமாக நின்று அடித்துக்கொண்டிருந்தோம். சுழல் படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்க ஏறிவரும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. நெவில். மூன்றாவது ஆளுக்கு நேரிலேயே பாடம் சொல்லிக் கொடுத்துவிடுவது என்று வந்திருக்கிறார்.

“யாருப்பா அந்த...”

பாதியில் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு, கயிற்றைப் பிடித்து அண்ணாந்தபடி நிற்கிறாள் ஜானிஸ்.

“ஜானிஸ்!”

“யாரும் பேசக் கூடாது!” என்று டட்லி கத்தினார். பேச்சில் கவனம் சிதறிக் கயிற்றை நழுவவிட்டால் அது சாட்டையாய்ச் சுழன்றுவிடும், ஆள் அடிபட்டுப்போவார். நெவிலுக்கு எந்திரங்களோடு பழகிய உடம்பு, சொன்னது உடனே புரிந்தது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

ஜானிஸ் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். நிறுத்தவும் முடியாது, விளக்கம் சொல்லவும் முடியாது. முகம் சிவந்தது. அது வெட்கமில்லை, இத்தனை வாரம் உருளைக்கிழங்கோடு விழுங்கிய கோபம். அந்தக் கோபத்தில் கயிற்றை இழுத்தாள் பாருங்கள்! என் மணியின் அடி விழுந்த அடுத்த கணம் அவளுடையதும் விழுந்தது. மறுபடியும் அப்படியே. ஆறு மணியும் தடுக்காமல் இறங்கின. அப்படி ஒரு அடியை நெதர்கோம்ப் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. டட்லி நிறுத்தச் சொல்ல மறந்து அடித்துக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக நிறுத்தினோம். ஜானிஸ் கயிற்றை மாட்டிவிட்டு இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள்.

“கேட்டீங்களா? குடிச்சிருக்கேனா?”

“இல்ல... நீ... பூ வகுப்புன்னு...”

“இதான் பூ வகுப்பு.”

“அப்ப அந்தப் பூவெல்லாம்?”

“என் கடையில மிஞ்சினது” என்றேன் நான்.

நெவில் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். “ஊருக்கே தெரியுமா?”

“போதகரம்மா நாய்க்குக்கூடத் தெரியும்” என்றார் டட்லி.

ஜானிஸின் குரல் கொஞ்சம் இறங்கியது. “உங்களுக்கு அமைதி வேணும்னுதான் இத்தனை தூரம் வந்தோம். எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இங்க கிடைச்ச ஒரே சந்தோஷம் இதுதான். விட்டுடுன்னு சொன்னா...”

“விடாத” என்றார் நெவில் அவசரமாக. “விட்டுடாத, கண்ணு.” அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “என் காதுக்குள்ள ஒரு விசில். கெட்டில் கொதிக்கிற மாதிரி. ஷெஃபீல்டுல இருந்தவரைக்கும் தெரியல, அந்த இரைச்சல்ல அமுங்கிக் கிடந்திருக்கு. இங்க வந்து எல்லாம் அடங்கினதும் அது மட்டும்தான் கேக்குது, நாள் பூரா. மணி அடிக்கிறப்பதான் அது வாய மூடுது.”

ஃப்ரீசரும் பட்டாணியும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றாள் ஜானிஸ்.

“எப்படிச் சொல்றது? அமைதி அமைதின்னு உன்ன இழுத்துட்டு வந்தவன் நான். வந்து சேர்ந்ததும் அமைதி ஒத்துக்கலன்னு சொன்னா, நாற்காலியாலயே அடிச்சிருக்கமாட்ட?”

ஜானிஸ் அவரை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவும் டட்லி வெடித்துச் சிரித்தார், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அப்படியும் உள்ளதச் சொல்லணும். நாலு வாரமா நீ லேட்டுதான்.”

அடுத்த வாரமே ஜானிஸ் அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காதில் மாட்ட ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். அதில் தூறல் விழுவது போல ஒரு மெல்லிய ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். விசில் முழுவதுமாக நிற்கவில்லை, ஆனால் தணிந்தது. நல்ல தூக்கம் வந்தது. முகத்தில் சதை போட்டது.

டட்லியை எந்த மாடு எப்போது கூப்பிடும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்களுக்கு எப்போதுமே ஒரு உபரி ஆள் தேவை. கோடை முடிவதற்குள் நெவிலும் கயிற்றைப் பிடித்துவிட்டார். இரண்டாம் வகுப்பிலேயே பலமாக இழுத்து, மணி அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்கும் மரக்கட்டையை முறித்துவிட்டார். எங்கள் எல்லோருக்கும் நேர்ந்த விபத்துதான், அதற்குத் தண்டனையாக அன்றைய சைடர் அவர் செலவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்து முடித்துவிட்டு அவர்கள் இருவரும் வீட்டுக்கு நடந்துபோவதைக் கடை வாசலிலிருந்து பார்ப்பேன். யார் முந்தினார், யார் பிந்தினார் என்று பெரிய வழக்கு நடக்கும். கேட்டைத் திறந்து உள்ளே போன பிறகும் அவர்கள் குரல் தெருவுக்குக் கேட்கும்.