மடியில் வெல்லம்

சாதுல்லாவுக்கு முன்னால் அவனுடைய வண்டியின் சத்தம் வந்துவிடும். சைலன்சருக்குள் இருந்ததையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு அதை வெறும் குழாயாக வைத்திருந்தான். பின்பக்கத்து நம்பர் பிளேட்டை மேல்நோக்கி மடக்கிவிட்டிருந்ததால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஆகாயத்தில் பறக்கிற காக்கைக்குத்தான் தெரியும். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அவன் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அங்கிருந்து சோப்பு, பிஸ்கட், தீப்பெட்டி என்று மூட்டை கட்டி வெள்ளிமலைப் பக்கத்துப் பெட்டிக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை.

மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் அவன் ஒருமுறைகூட நின்றது கிடையாது. போலீஸ்காரர் கையைத் தூக்கும்போது அவன் முதல் வளைவில் இருப்பான். அவனிடம் திருட்டும் இல்லை, கடத்தலும் இல்லை. ஆனாலும் நிற்கமாட்டான். "நாம இன்னா தப்பு பண்ணோம் அவங்க கையத் தூக்கினா நிக்கறதுக்கு?" என்று கூட்டாளிகளிடம் கேட்பான். அவர்களும் சிரித்து, "ராக்கெட் பாய்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் அவனுக்கு ஒரு மயக்கமே இருந்தது.

அன்று பொங்கல். காலையில் கடை திறந்த கையோடு தைலம்மாள் வந்து நின்றாள். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரி. பருவத்தில் கீழே இறங்கி, கச்சிராயபாளையத்துக் கரும்புத் தோட்டங்களில் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள். புதுசாக ஒரு அலுமினியக் குண்டானும் மஞ்சள் கொத்தும் வைத்திருந்தாள்.

"பச்சரிசி குடுங்க. வெல்லமும் குடுங்க, ஒரு பொங்கலுக்கு ஆகிறாப்புல" என்றாள்.

"மலைக்கா?" என்று சாதுல்லாவின் அம்மா மெஹ்ராஜ் பேகம் தயங்கினார்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. மலையில் சிலர் சாராயம் காய்ச்சினார்கள். அதற்கு வெல்லம் வேண்டும். ஆகவே அந்த வருடங்களில் வெல்லத்தோடு மலையேறுகிறவர் யாரானாலும் அதைச் சாவடியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காய்ச்சுகிறவன் காட்டு வழியாக ஏற்றிக்கொண்டு போனான். பொங்கல் வைக்கிறவன் தார் ரோட்டில் போய் மாட்டிக்கொண்டான். பஸ்காரர்கள் வெல்லம் என்றாலே ஏற்றுவதில்லை. கச்சிராயபாளையத்துக் கடைக்காரர்கள் மலைக்காரியைக் கண்டால் வெல்லம் இல்லை என்று கையை விரித்தார்கள். அதனால்தான் தைலம்மாள் டவுன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"ஆமாங்க, மலைக்குத்தான். கரும்ப வெட்டினது நானு. அதுல காய்ச்சின வெல்லம் என் வூட்டுக்குப் போகக்கூடாதாங்க?"

மெஹ்ராஜ் பேகம் தராசை எடுத்தார். வெல்லத்தை நிறுத்துக் கட்டினார். கொஞ்சம் முந்திரியும் ஏலக்காயும் தனிப் பொட்டலமாக மடித்து மேலே வைத்தார். "இது நான் குடுக்கறது. பொங்கல்ல போடு" என்றவர், உள்ளே திரும்பி, "சாதுல்லா! நீ மேலதான போற? இவங்கள வுட்டுடு. மெதுவாப் போ" என்றார்.

வண்டியில் ஏறும்போது சாதுல்லா, "வெல்லத்த என் பைக்குள்ள போடுக்கா, வெளிய தெரிய வேணாம்" என்றான்.

"வேணாம் தம்பி. தெரியட்டும்." கண்ணாடிக் காகிதப் பையில் வெல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்தாள். குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது. சாதுல்லா மனசுக்குள் சிரித்தான். மலைக்காரி, விவரம் தெரியாதவள் என்று நினைத்தான்.

வடக்கனந்தல் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, அடிவாரம் வந்தது. சாவடியில் ஒரு வேனுக்காகத் தடுப்புக் கம்பைத் தூக்கியிருந்தார்கள். தங்கதுரை என்கிற இளவயதுக் கான்ஸ்டபிள் ரோட்டுக்கு வந்து கையைத் தூக்கி விசில் அடித்தார்.

"நிறுத்து தம்பி" என்றாள் தைலம்மாள்.

அவள் பயந்துவிட்டாள் என்று சாதுல்லா எடுத்துக்கொண்டான். மடியில் வெல்லம் இருக்கும்போது எந்தக் கிறுக்கன் நிற்பான்? அவன் யோசித்து முடிக்குமுன் மணிக்கட்டு தானாகத் திரும்பிவிட்டது. வண்டி வேனை உரசிக்கொண்டு பாய்ந்தது. பின்னால் சத்தம், விசில், பிறகு இன்னொரு வண்டியை உதைத்துக் கிளப்புகிற ஓசை.

"நிறுத்துடா!"

"புடிச்சிக்கோக்கா! அஞ்சு நிமிசத்துல மேல போயிடலாம்!"

முதல் வளைவு போயிற்று. அடுத்த வளைவில் பஸ் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. ஹாரன் காதைப் பிளந்தது. பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் சாதுல்லா வண்டியை நுழைத்தான். தைலம்மாளின் முழங்கால் சுவரில் தேய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிகள் மட்டும் தெரிந்தன. அவள் கத்தவில்லை. அவன் தோளில் கையை வைத்து, ரொம்ப அமைதியாகச் சொன்னாள்:

"இப்ப நிறுத்தல, நான் குதிச்சிடுவேன்."

அந்தக் குரலில் வீம்பு இல்லை. அதனால்தான் அவன் கை பிரேக்குக்குப் போனது. அடுத்த வளைவில் நிறுத்தினான்.

வளைவின் ஓரத்தில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது. அவன் எத்தனையோ தரம் கடந்துபோன இடம். கல்லை அன்றுதான் பார்த்தான்.

"எங்க வூட்டுக்காரரு வேடியப்பன்" என்றாள் அவள், கல்லைக் காட்டி. "ரெண்டு பொங்கலுக்கு முன்னால, இதே மாரி வெல்லம் வாங்கிக்கினு வந்தாரு. கீழ கையக் காட்டினாங்க. பயந்துக்கினு வண்டிய முறுக்கினாரு. இங்க வந்து வுழுந்தாரு."

சாதுல்லா என்ஜினை அணைத்தான்.

"செத்தது கூடப் போவட்டும் தம்பி. ஓடினவன் சாராயக்காரனாத்தான் இருப்பான்னு ஊரே சொல்லிச்சு. எம்பொண்ண இஸ்கூல்ல சாராயக்காரன் பொண்ணுன்னு கூப்புடுதுங்க. அவரு ஒருநா ஒரு சொட்டு காய்ச்சினது இல்ல. அதான் இந்த வருசம் பட்டப்பகல்ல, எல்லாருக்கும் தெரியறாப்புல மடியில வெச்சிக்கினு, நின்னு, காட்டிட்டுப் போவணும்னு வந்தேன். நீ என்னையும் ஓட வெச்சிட்டியே."

"எனக்குத் தெரியாதுக்கா..."

"இப்பத் தெரிஞ்சிச்சில்ல? திருப்பு வண்டிய."

"கீழயா? போனா வண்டியப் புடுங்கிக்குவாங்க. இத்தினி நாள் ஓடினதுக்கும் சேத்து வெச்சி அடிப்பாங்க!"

"அடிச்சா வலிக்கும். அவ்ளோதான?" என்றாள். "ஓடறதுக்கு இன்னா தைரியம் வோணும்? வண்டி இருந்தாப் போதும். போய் நிக்கறதுக்குத்தான் ஆளு வோணும். நீ வரலன்னா போ. நான் நடந்து எறங்கறேன்."

சொன்னபடியே இறங்க ஆரம்பித்துவிட்டாள். மடியில் இருந்த வெல்லம் இப்போது இடுப்பில் ஏறியிருந்தது. ராக்கெட் பாய் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவன், ஒரு கூலிக்காரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றான். எந்தப் போலீஸாலும் அவனை இப்படி நிறுத்த முடிந்ததில்லை. அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது.

"அக்கா! பின்னால வந்துக்கினு இருந்தாரே, அவரு சத்தத்தக் காணோமே?"

இரண்டு பேரும் வண்டியில் ஏறிக் கீழே வந்தார்கள். பஸ் வந்த அந்த வளைவில், மணலில் சறுக்கி, தங்கதுரை வண்டியோடு கிடந்தார். கால் வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது. சுவர் மட்டும் தடுத்திராவிட்டால் அங்கே இன்னொரு மஞ்சள் கல் வந்திருக்கும். ஆண்டவன் அன்றைக்கு அந்தச் சுவரின் ரூபத்தில் நின்றிருந்தான்.

சாதுல்லா ஓடிப்போய் வண்டியைத் தூக்கினான். கால் வெளியே வந்ததும் தங்கதுரை செய்த முதல் வேலை, ரத்தம் வழிகிற கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்ததுதான்.

"மாட்டினியா!"

"புடிக்க வேணாம் சார். நாங்களேதான் வந்தோம்" என்றான் சாதுல்லா.

"வுடுங்க சார், கையக் காட்டுங்க" என்று தைலம்மாள் அதட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மணலைக் கழுவினாள். பொங்கல் பானைக்குக் கட்டுவதற்கு வைத்திருந்த மஞ்சளில் ஒரு கிழங்கை ஒடித்து, கல்லில் இழைத்துப் பூசி, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். தங்கதுரை அவளையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையைப் பிடித்திருந்த கை எப்போது விட்டது என்று அவருக்கே தெரியாது.

மூன்று பேரும் இறங்கி வந்தபோது, சாவடியில் ஏட்டு நாராயணசாமி கொதித்துக்கொண்டிருந்தார். சாதுல்லாவைக் கண்டதும் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஏட்டய்யா, அடிக்காதீங்க. திரும்பி வந்து என்னத் தூக்கினது இவங்கதான்" என்று தங்கதுரை குறுக்கே நின்றார்.

"ஓட்டினது நான் சார். அக்கா நிறுத்தச் சொன்னாங்க, நான்தான் நிறுத்தல. எல்லாத்தையும் என் மேல எழுதுங்க" என்றான் சாதுல்லா.

தைலம்மாள் வெல்லப் பையை மேசைமேல் வைத்தாள். "பாத்துக்கோங்க. இதான் இருக்குது. நான் வேடியப்பன் பொண்டாட்டி."

ஏட்டுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருந்தது. கை தாழ்ந்தது. "அந்தச் சாராய..." என்று ஆரம்பித்தார்.

"அன்னிக்கி அவரு கையிலயும் இவ்ளோதான் இருந்திச்சி. பொங்கல் வெல்லம்."

"அப்ப ஏம்மா ஓடினான்?"

"உங்களப் பாத்து பயந்துட்டாரு. அது ஒண்ணுதான் அவரு செஞ்ச தப்பு. அதுக்கு உசுரக் குடுத்துட்டாரு. நான் ஓடல சார். நின்னுக்கினு இருக்கேன்."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "எனக்குப் புரியுதும்மா. ஆனா வெல்லம் மேல போகக்கூடாது. அது ஆர்டரு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"பொங்கச் சோறு போலாமா?"

"இன்னாது?"

"வெல்லம்தான போகக்கூடாது? பொங்கச் சோத்துக்கும் ஆர்டரு போட்டுருக்காங்களா?"

தங்கதுரை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தைலம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாவடிக்கு எதிரே, ரோட்டோரத்தில், மூன்று கல்லைப் புரட்டிப் போட்டாள். சுள்ளி பொறுக்க சாதுல்லா ஓடினான்.

"யம்மா, இது இன்னா போலீஸ் சாவடியா, உங்க வூட்டு வாசலா?"

"இன்னிக்கி இதான் சார் என் வாசலு. சூரியன் இங்கயும்தான் அடிக்குது."

மலைக்குப் போகிற வேன்களும் பைக்குகளும் நின்றன. பாதிப்பேர் தைலம்மாளின் ஊர்ப்பக்கத்து ஆட்கள். விஷயம் காதுக்குக் காது போயிற்று. காற்றடித்து அடுப்பு அணையப் பார்த்தபோது, ஏட்டு முணுமுணுத்துக்கொண்டே தடுப்புக்கு வைத்திருந்த தகர டிரம் ஒன்றை உருட்டி வந்து அடுப்புக்கு மறைப்பாக நிறுத்தினார். யாரும் கேட்காமலேயே, "காத்து அடிக்குது, அதான்" என்றார். டீக்கு வாங்கி வைத்திருந்த பாலைத் தங்கதுரை கட்டுப் போட்ட கையாலேயே கொண்டுவந்து ஊற்றினார். அரிசி வெந்தது, வெல்லம் கரைந்தது, மெஹ்ராஜ் பேகத்தின் முந்திரி மிதந்தது. நுரை பொங்கிக் குண்டானின் விளிம்பைத் தாண்டி வழிந்தபோது, தைலம்மாள் மலையைப் பார்த்து நிமிர்ந்து கத்தினாள்:

"பொங்கலோ பொங்கல்!"

வேனில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சாதுல்லாவும் கத்தினான்.

சூரியனுக்கு ஒரு இலையில் படைத்தாள். அடுத்ததைத் தங்கதுரைக்குக் கொடுத்தாள். அதற்கடுத்த இலையை ஏட்டிடம் நீட்டினாள். அவர் வாங்கி ஒரு வாய் வைத்தார்.

"இன்னா சார் இது? சாராயமா?"

"பொங்கல்தாம்மா."

"எங்கூரு ஆளுங்க நிக்கறாங்க. அவங்களுக்குக் கேக்கட்டும்."

ஏட்டு அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அணிவகுப்பில் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "பொங்கல்தான்! வேடியப்பன் வூட்டுப் பொங்கல்!"

தைலம்மாள் அப்போதுதான் அழுதாள். அதுவும் கொஞ்ச நேரம்தான். புகை என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாதுல்லாவின் மேல் எழுத வேண்டியதையெல்லாம் ஏட்டு எழுதினார். லைசென்ஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இவங்கள வூட்ல வுட்டுட்டு வந்து வண்டிய இங்க நிறுத்து. சைலன்சர ஒழுங்கு பண்ணாத்தான் வண்டி. வருவியா, ஓடுவியா?"

"வருவேன் சார்."

சாதுல்லா குனிந்து, மடங்கியிருந்த நம்பர் பிளேட்டை இரண்டு கையாலும் நிமிர்த்தினான். பிறகு வண்டியைக் கிளப்பினான். சாக்கு சுற்றிய குண்டானை மடியில் வைத்துக்கொண்டு தைலம்மாள் பின்னால் உட்கார்ந்தாள். சோறு இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் குலுங்கினாலும் தொடை வெந்துவிடும். மாட்டு வண்டிகூட முந்திவிடும் வேகத்தில் அவன் மலையேறினான்.

மஞ்சள் கல்லுக்கு எதிரே வண்டி நின்றது. அவள் ஒரு பிடி பொங்கலைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

அடுத்த வளைவில் பின்னாலிருந்து இரண்டு பைக்குகள் அலறிக்கொண்டு வந்து முந்தின. சாதுல்லாவின் கூட்டாளிகள்தான். "இன்னா ராக்கெட் பாய்! தள்ளி வுடணுமா?" என்று ஒருவன் திரும்பிக் கத்தினான்.

சாதுல்லா வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து தைலம்மாள் குரல் கொடுத்தாள்: "மெதுவாப் போங்கடா, பஸ் வரும்! வூட்டுக்கு வாங்க, பொங்கல் இருக்குது!"

முன்னால் போன பைக்குகளின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது. சாதுல்லா இன்னும் ஒரு கியரைக் குறைத்தான். கீழே ஏட்டின் சட்டைப் பையில் அவனுடைய லைசென்ஸ் காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கட்டும், அவன் போய் நிற்கத்தான் போகிறான்.