தம்பிக்கு ஒரு சொல்

என் தம்பி நன்மாறன் வீட்டைவிடப் பெரியவனாகிவிட்டான். அவன் இடது கை சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. கால்கள் பக்கத்து வீட்டுக் குளியலறையில் இருந்தன. அங்கே குடியிருக்கும் கோமளா அத்தை அவற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தான் குளிப்பார்.

திங்கட்கிழமை வளர்ச்சித் துறை அதிகாரி ரம்பத்தோடு வந்தார்.

"இது தழைச்சதா, படர்ந்ததா, மண்டினதா?"

தழைத்தது என்றால் விட்டுவிடுவார்கள். படர்ந்தது என்றால் பந்தல் போட்டுக் கட்டுவார்கள். மண்டியது என்றால் வெட்டுவார்கள்.

"தழைச்சது," என்றேன்.

"வீட்டாளு கெட்டது சொன்னாத்தான்மா எடுத்துக்குவோம். நல்லது சொல்ல பக்கத்து வீட்டைக் கூப்பிடு."

அத்தை ஈரத் துண்டோடு வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. தம்பி என்றால் அவருக்கு உயிர்.

"இவனா? எங்க சார் வளர்ந்தான்! களை மாதிரி மண்டிக் கெடக்கான்."

"அத்தை!"

"பின்ன என்னடி? நல்லா வளர்ந்திருக்கான்னு என் வாயால சொல்லி, கண்ணு பட்டுட்டா?"

அம்மா நன்றியோடு தலையாட்டினார். அதிகாரி ரம்பத்தைத் தம்பியின் முழங்கையில் வைத்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை. ஒரே ஒரு நல்ல வார்த்தை. அதைச் சொல்ல இந்த வீட்டில் ஆளில்லை.

"தழைச்சிருக்கான்!" என்று கத்தினேன். "செழிச்சிருக்கான்! தளதளன்னு, மதமதன்னு, ஊரே பாக்குற மாதிரி ஓங்கி வளர்ந்திருக்கான்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பியின் கை ஜன்னல் வழியே திரும்பி வந்தது. பிறகு கால்கள் வந்தன. அவன் என் உயரத்துக்கு வந்தான். அங்கே நிற்கவில்லை. முழங்கால் அளவானான், பிறகு விரல் அளவானான். தொலைந்துவிடுவான் என்று அம்மா அவனை எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டார்.

"கண்ணு வெச்சுட்டியேடி, பாவி."

"நான் உண்மையைத்தான் சொன்னேன்."

"உண்மையை யாருடி கேட்டா?" என்றார் அத்தை.

"இப்போ வெட்ட ஒண்ணுமில்ல," என்றார் அதிகாரி. "ஆனா சாயங்காலம் வரைக்கும் எனக்கு டியூட்டி இங்கதான்." ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தார்.

தம்பி பட்டாணி அளவுக்கு வந்திருந்தான்.

"அக்கா," என்றான் டம்ளருக்குள்ளிருந்து. "என்னைத் திட்டு. சீக்கிரம்."

"மாட்டேன். நான் சொன்னதுதான் சரியான சொல்."

அவன் மிளகு அளவானான். பிறகு கடுகு அளவானான். இன்னும் ஏதோ சொன்னான். கேட்கவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

"மண்டிக் கெடக்குற களையே," என்றேன்.

டம்ளரில் விரிசல் விழுந்தது.

அதிகாரி காபியைக் கீழே வைத்தார்.