வெயில் விழுந்த ஓடை

மலாயாவில், செமினி ஊருக்கு மேலே, மலை மடிப்பில், ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. கொஞ்சநஞ்ச மரவள்ளியா? காலையில் மரவள்ளிக் கஞ்சி, மத்தியானம் மரவள்ளி அவியல், ராத்திரிக்கு மரவள்ளியை நினைத்துக்கொண்டு ஒரு குவளை வெந்நீர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பால்பல்லே மரவள்ளி நிறத்தில்தான் முளைத்தது. ஒருத்தன் ஏப்பம் விட்டால் நாலு வீடு தள்ளி இருக்கிறவன், "இன்னிக்கும் அதேதானா?" என்று கேட்பான்.

அந்த இடத்துக்குத் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்து சேர்ந்தவர் ரெங்கசாமி. கடலோரத் தோட்டம் ஒன்றில் கால்வாய்க் கங்காணியாக இருந்தவர். வரும்போதே அலுத்துப்போய்த்தான் வந்தார். ஒரே மகன் பாலனைச் சயாம் ரயில் பாதைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவனிடமிருந்து சேதியே இல்லை. மிச்சம் இருந்தது மனைவி நல்லம்மாள் ஒருத்தி. இவளையாவது காய்ச்சலுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். உலகத்தில் அவருக்கு வேறு ஆசை எதுவும் பாக்கி இல்லை.

காய்ச்சல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் வாலிபத்தில் தோட்டத்து ஆட்கள் காலையில் பேர் கொடுக்க வரிசையில் நின்றால், அவர்கள் நடுங்குகிற நடுக்கத்தில் தரை அதிர்ந்து துரை பங்களாவில் பீங்கான் உடையும். அப்புறம்தான் காட்டை வெட்டினார்கள். இருட்டிக் கிடந்த சதுப்புக் குட்டைகளுக்கு வெயில் காட்டினார்கள். கறுப்புத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கடலுக்கு வடித்தார்கள். காய்ச்சல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மண்வெட்டி பிடித்த கைகளில் அவருடையதும் ஒன்று. வெயில் பட்ட தண்ணீரில் காய்ச்சல் கிடையாது என்பது அவருக்குக் கண்ணால் கண்ட சத்தியம்.

அதனால் இங்கே வந்ததும் முதல் வேலையாக ஓடையைப் பார்த்தார். இரண்டு கரையிலும் மரமும் புதரும் கூரை போட்டிருந்தன. உள்ளே நட்டநடு மத்தியானத்திலும் விளக்கு வேண்டும்.

"வீட்டுக்குப் பின்னால கொசுவுக்குக் கல்யாண மண்டபம் கட்டி வச்சிருக்கீங்களேப்பா! வெட்டித் தள்ளுங்க!" என்றார்.

குடியிருப்பில் ஆள் எண்ணி வேலை வாங்குகிற மண்டோர் பக்கிரிசாமிக்கு வாயெல்லாம் பல். ஓடைக்கரை மண் வெண்ணெய் மாதிரி. அதிலும் மரவள்ளி நட்டால் மேலிடத்தில் நல்ல பேர். வெட்டித் திருத்திய நிலத்துக்கு ஏற்றபடிதான் ரேஷன் அரிசி. பாதி கல்லும் பாதி வண்டுமாக இருந்தாலும் அதன் பேர் அரிசி. எல்லாரும் பாராங் கத்தியை எடுத்தார்கள். ஓடை முழுக்க வெயில் பளபளவென்று விழுந்தது.

வெட்டாதவர் ஒரே ஒருத்தர், மேட்டுக்கு அந்தப் பக்கம் தனிக் குடிசையில் இருந்த கிஃபாயத்துல்லா. பட்டணத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஒரு காலத்தில் பட்டுத் துணியை மடியில் போட்டு விரித்துக் காட்டியவர், இப்போது கோணிச்சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். சாக்கிலேயே மடிப்புக் கலையாமல் உடுத்துவார், பழைய தொழில் மரியாதைக்கு.

"பாய், உங்க பக்கத்து ஓடையை எப்ப வெட்டப் போறீங்க?"

"அது பாட்டுக்கு ஓடுது, நான் பாட்டுக்குக் கிடக்கேன். யாருக்கு என்ன தொந்தரவு?"

"காய்ச்சல் வந்தா தெரியும்."

"அதுவும் மேடேறித்தானே வரணும். என்னாலயே ஏற முடியல கங்காணி, அது மட்டும் எப்படிலா ஏறும்?"

சோம்பேறி என்று குடியிருப்பே சிரித்தது. ரெங்கசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தன் சோம்பலால் ஊருக்கே கேடு என்று பல்லைக் கடித்தார்.

மழை விட்டு வெயில் பிடித்த மாதங்களில் காய்ச்சல் வந்தது. சும்மா வரவில்லை, மேளதாளத்தோடு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர். குளிர் விட்டதும் சூடு, காய்ச்சல்காரன் வயிற்றில் கெண்டியை வைத்தால் தேத்தண்ணி கொதிக்கும். காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை என்ற ஒன்று இருந்ததையே ஜனங்கள் புராணக் கதைபோலச் சொல்லிக்கொண்டார்கள்.

வெட்டியது போதவில்லை என்று ரெங்கசாமி முடிவு கட்டினார். ஓடைக்கு வந்து சேரும் ஊற்றுகளின் மேலிருந்த புதரையும் வெட்டச் சொன்னார். தானே முன்னால் நின்று வெட்டினார். கை தூக்கினால் இறங்க மறுக்கும், இறங்கினால் தூக்க வராது. காய்ச்சல் இன்னும் கூடியது. கடைசியில் நல்லம்மாள் விழுந்தாள்.

குடிசையில் இருந்த சாக்கெல்லாம் அவள்மேல் போட்டாயிற்று. கடைசியில் ரெங்கசாமியே அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவரையும் சேர்த்து நடுக்கியது.

"எழுந்திரிங்க, மூச்சு முட்டுது," என்றாள் பல் கிட்டிக்க. "குளிர்ல சாகுறதா, உங்க கனத்துல சாகுறதா?"

மறுநாள் காலையில் அவர் மேடேறினார். வியாபாரி வீட்டில் ஏதாவது மூலையில் ஒரு கொய்னா ஒளிந்திருக்காதா என்ற நப்பாசை. ஏறுவதற்குள் ஏழு ஜென்மம் முடிந்து எட்டாவது பிறந்துவிட்டது.

கிஃபாயத்துல்லாவின் மனைவி ரம்லத் வாசலில் மரவள்ளி இடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். விளையாட்டு! அந்தச் சத்தத்தைக் கேட்டே வெகு காலமாகியிருந்தது.

"கொய்னா ஏதுங்க அண்ணே," என்றாள் ரம்லத். "இருந்தா தந்திருக்க மாட்டமா?"

"இங்க யாருக்கும் காய்ச்சல் இல்லையா?"

"இந்த மனுசனுக்கு மட்டும் எப்பவும் இருக்கிற படுக்கை வியாதிதான்."

உள்ளேயிருந்து, "கேக்குது, கேக்குது," என்று குரல் வந்தது.

ரெங்கசாமி அந்த வீட்டுப் பின்னால் போனார். ஓடை இருட்டுக்குள் குளுகுளுவென்று போய்க்கொண்டிருந்தது. ஒரு சிரட்டையால் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் மொண்டார். கரையோரமாகக் குனிந்து குனிந்து மொண்டார். ஒரு கொசுப்புழுகூட இல்லை.

மேட்டிலிருந்து இறங்கித் தான் வெட்டிய கரைக்கு வந்தார். வெயிலில் கதகதவென்றிருந்த தண்ணீர், ஓரத்தில் இளம்புல். முதல் சிரட்டையிலேயே இருந்தன. நீர்மட்டத்தோடு ஒட்டி, மல்லாக்கப் படுத்து மோட்டுவளையைப் பார்க்கிற பண்ணையார் மாதிரிக் கிடந்தன காய்ச்சல் கொசுவின் புழுக்கள். ஒன்றா இரண்டா, அந்தச் சிரட்டைக்கு மண்டோர் வைத்துப் பேர் கூப்பிடலாம்.

கடலோரத்தில் இதே மாதிரிப் புழுவை அவர் கறுத்த, நிழல் தண்ணீரில்தான் பார்த்திருக்கிறார். இங்கே தெளிந்த தண்ணீரில், வெயிலில். பார்வைக்குப் பங்காளிதான், ஆனால் குடித்தனம் வேறு. அதற்கு இருட்டு வீடு, இதற்கு வெளிச்ச வீடு. அங்கே அவர் வெட்டியது வீட்டை இடித்தது. இங்கே அவர் வெட்டியது வீட்டைக் கட்டிக் கொடுத்தது. காடு அடைத்து வைத்திருந்த கதவை அவரே திறந்துவிட்டு, வாங்கோ வாங்கோ என்று நின்றிருக்கிறார்.

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

குடியிருப்பில் சொன்னபோது யாரும் சண்டைகூடப் போடவில்லை. சண்டைக்கும் ஆள் இல்லை. பக்கிரிசாமி மட்டும் நிலம் அளக்கிற கயிற்றோடு வந்து கத்தினான்.

"வெட்டுன்னும் நீர்தான் சொன்னீர், வெட்டாதேன்னும் நீர்தான் சொல்றீர்! கரையைக் காடாக்கினா கணக்கில வராது. அரிசி பாதியாயிடும்."

"ஆகட்டும். என் பங்குக் கரையைக் கழிச்சிக்குங்க."

"வீட்டில காய்ச்சல்காரி. கஞ்சிக்கு என்னய்யா செய்வீர்?"

ரெங்கசாமி திரும்பி நடந்தார். குடிசைக்குள் போய் நல்லம்மாளிடம் சொன்னார். அவள் முகத்திலிருந்து சாக்கை விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஓடைக்கு நிழல் கட்டினா எனக்குள்ள இருக்கிறது போயிடுமா?"

"போகாது," என்றார். பொய் சொல்லியிருக்கலாம், அதற்கும் அலுப்பாக இருந்தது. "புதுசா ஏறாது. இருக்கிறதை உன் உடம்புதான் பார்த்துக்கணும்."

"அரிசியும் போயிடும்."

"பாதி."

"அந்தப் பாதியைப் பொறுக்கிறதுக்குள்ள எனக்குக் கண்ணு போகுது. போகட்டும், விடுங்க."

அவர் தன் கரை மரவள்ளியைப் பிடுங்கினார். காட்டிலிருந்து தழையைச் சுமந்து வந்து குச்சி நட்டு, தண்ணீருக்கு மேல் பந்தல்போல் பரப்பினார். காய்ந்ததை மாற்றினார். மற்றபடி கையைக் கட்டிக்கொண்டிருந்தார். மலாயா மண்ணாச்சே, சும்மா விட்டால் போதும். செருப்பைக் கழற்றி வைத்துத் திரும்பினால் அதில் மரம் நிற்கும். புதர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறியது. பக்கத்துக் கரைக்காரர்கள் களை எடுக்கத் தெம்பில்லாமல் விட்ட இடங்களிலும் ஏறியது. அவர் சிரட்டையோடு போய்ப் போய்ப் பார்த்தார். தன் நிழலில் புழு இல்லை. ஆனால் கீழ்க்கரையில் வெயில் இருந்தது, வெயில் இருக்கிற வரைக்கும் கொசுவும் பறந்து வந்தது. நல்லம்மாளின் குளிர் முறை தவறவில்லை. அரைக் கஞ்சியில் அவள் பாய்க்குச் சரியாக மெலிந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் பக்கிரிசாமி வந்தான். கையில் அளவுக்கயிறு இருந்தது, குரலைக் காணோம்.

"எங்க வீட்டுக்காரியும் காய்ச்சல்ல விழுந்துட்டா," என்றான். "நேத்திலேர்ந்து. கங்காணி, கரையை எவ்வளவு தூரம் விடணும்?"

ரெங்கசாமி அவனைப் பார்த்தார். எத்தனையோ சொல்லலாம்.

"ரெண்டு பக்கமும். கீழே கடைசி வீடு வரைக்கும்."

"கணக்கில வெட்டினதாவே எழுதிடறேன். மேலிடத்திலேர்ந்து வந்து எவன் பார்க்கப் போறான்?"

"அப்ப எங்க பாதி அரிசி?" உள்ளேயிருந்து நல்லம்மாள் குரல். அதற்குப் பிறகு பல் அடிக்கும் சத்தம்.

இருவரும் உள்ளே ஓடினார்கள். ஒருத்தர் தலைமாட்டிலும் ஒருத்தர் கால்மாட்டிலும் சாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். நடுக்கம் வந்தது, உலுக்கியது, சூடாகியது, வேர்த்துக் கொட்டியது. போன தடவையைவிடச் சீக்கிரம் விட்ட மாதிரி ரெங்கசாமிக்குத் தோன்றியது. தோன்றியதோ, ஆசையோ. அவள் தூங்கிப்போனாள், வாய் லேசாகத் திறந்து.

வெளியே வந்தார்கள். தழை சுமக்கப் போக வேண்டும். கீழ்க்கரை முழுக்கக் காத்துக் கிடந்தது. இரண்டு பேரில் யாரும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போவமா?" என்றான் பக்கிரிசாமி.

"உக்காருங்க," என்றார் ரெங்கசாமி.