அம்மாக்கண்ணுவின் ஆயாக்கொட்டகை

பழைய ஆயாக்கொட்டகையின் சாவியை மேனேஜர் கொடுத்தபோது உமாதேவிக்குச் சந்தோஷத்தைவிடப் பயமே அதிகமாக இருந்தது. பல வருடங்களாக உர மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த கட்டடம் அது. அதற்கு முன்னால், கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற இடம். உமாதேவியும் அங்கே வளர்ந்தவள்தான்.

இப்போது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தாய்மார்கள் பிள்ளைகளை அவள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். சிலர் தேயிலை மலைக்கு, சிலர் திரிங்காப் பூந்தோட்டங்களுக்கு, சிலர் தானா ராத்தா டவுன் ஹோட்டல்களுக்கு. கூடம், அடுப்படி, வாசல் எல்லாம் பிள்ளைகள்தான். ஒருநாள் நலத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பார்த்தார். இத்தனை பிள்ளைகளுக்கு வீடு போதாது, முறையான இடம் வேண்டும், பார்த்துக்கொள்பவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று மலாயில் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னால முடியாதுலா" என்றாள் உமாதேவி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் அவள். "இந்த வயசுல குர்சுஸ், பயிற்சின்னு போயி உக்காந்தா சிரிக்க மாட்டாங்க?"

அடுத்த வீட்டு சசிரேகா விடவில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் உமாதேவியிடம்தான் வளர்கிறார்கள். "நீங்க போகலன்னா நாங்க எல்லாரும் வேலைய விட்டுட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான், அக்கா. எடத்துக்குத் துரைகிட்ட நாங்க பேசறோம். சனிக்கெழம பிள்ளைங்கள மாத்தி மாத்தி நாங்களே பாத்துக்கறோம். நீங்க படிச்சிட்டு வாங்க, போதும்."

சொன்னபடியே அவர்கள் மேனேஜரிடம் போய்ப் பேசினார்கள். பயிற்சியை முடித்தால் இடம் உண்டு என்றார் அவர். சுத்தம் செய்துகொள்ளட்டும் என்று சாவியையும் கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை உமாதேவியும் கணவன் திருச்செல்வமும் கொட்டகையைத் திறந்தார்கள். உரத்தின் காரம் மூக்கில் ஏறியது. திருச்செல்வம் மூட்டைகளைத் தோளில் ஏற்றி வெளியே கொண்டுபோய்ப் போட்டான். தரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தெரிய, உமாதேவி கையில் விளக்குமாற்றோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். மேலே விட்டத்தில் கயிறு உரசிய தடங்கள் வரிசையாக இருந்தன. ஏணைகள் தொங்கிய இடங்கள்.

பனி விலகாத காலைகள் அவை. விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் அம்மாக்கள் பிள்ளைகளைத் துணியோடு துணியாகச் சுற்றிக் கொண்டுவந்து அம்மாக்கண்ணு ஆயாவிடம் நீட்டுவார்கள். ஆயா ஒரு பழைய கம்பளிச் சட்டையைப் போட்டிருப்பாள். பிள்ளைகள் அதன் நூலைப் பிடித்து இழுத்து இழுத்து, கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் ஏறிப்போயிருக்கும். "இழுங்க, இழுங்க. கடைசியில எனக்குக் கழுத்து மட்டும் மிச்சம் வைங்க" என்பாள். அழும் ஏணையைக் காலால் ஆட்டிக்கொண்டே, மடியில் ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, மூலையில் சண்டை போடும் இரண்டு பிள்ளைகளைப் பேர் சொல்லி அதட்டுவாள்.

பத்து மணி வாக்கில் அம்மாக்கள் பால் கொடுக்க ஓடிவருவார்கள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவில் பனித்தண்ணீர் சொட்டும். கொட்டகை முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம் ஏறிவிடும். உமாதேவிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகாத வயது. அம்மா சாரதா தம்பி குணாளனை மடியில் போட்டுக்கொள்ள, அவள் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொள்வாள். ஈர முதுகு. ஆனாலும் அந்தக் குளிரில் அதைவிடக் கதகதப்பான இடம் எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்னா, அப்படியே நின்னுட்ட?" என்றான் திருச்செல்வம்.

"ஒண்ணுமில்ல" என்று அவள் பெருக்கத் தொடங்கினாள்.

அந்த நாள்களில் குணாளன் தவழத் தொடங்கியிருந்தான். கோயில் திருவிழா முடிந்த மறுநாள், கொட்டகைத் தரையில் யாரோ தின்று சிந்திய நிலக்கடலை ஒன்று அவன் கைக்கு அகப்பட்டது. வாயில் போட்டுக்கொண்டான். தொண்டை அடைத்தது. ஆயா அவனை அள்ளி எடுத்து உலுக்கினாள், வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினாள், பிறகு தோளில் போட்டுக்கொண்டு கீழே டிஸ்பென்சரிக்கு ஓடினாள். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மலையிலிருந்து ஓடிவந்த சாரதா, எல்லோரும் பார்க்க அம்மாக்கண்ணுவின் கன்னத்தில் அறைந்தாள். "எம்புள்ளயக் கொன்னுட்டியேடி" என்று கத்தினாள். ஆயா கையைக்கூடத் தூக்கவில்லை. அந்த வாரமே குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டுப் போய்விட்டாள். திரிங்காப்பில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்வதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். சாரதா அதன்பின் கொட்டகை வழியாக நடந்ததே இல்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் தொழிற்சாலையைச் சுற்றித்தான் போவாள்.

பயிற்சி தானா ராத்தாவில் ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. உமாதேவி நினைத்ததுபோல் யாரும் சிரிக்கவில்லை. மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், கம்போங் ராஜாவிலிருந்து வந்த ஓராங் அஸ்லி பூர்வகுடிப் பெண் ஒருத்தி, எல்லோரும் அவளைப் போலவே பிள்ளை வளர்த்துப் பழகியவர்கள். பேனா பிடிக்கக் கூச்சப்பட்டவர்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் சுஹைலாவை அவளுக்குப் பிடித்துப்போனது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மலாயில் பாடம் நடத்திக்கொண்டே, புரியாமல் விழிப்பவர்களைப் பார்த்தால் தமிழுக்கு மாறிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை சுஹைலா ஒரு குழந்தைப் பொம்மையைக் கொண்டுவந்தார். தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் அன்றைய பாடம். பொம்மையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, முதுகின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டிக் காட்டினார். "கண்ணுக்குத் தெரியாத பொருள விரல விட்டுத் தோண்டாதீங்க. அது இன்னும் உள்ள போயிடும்."

உமாதேவியின் முறை வந்தது. பொம்மையைக் கையில் வாங்கிக் குப்புறப் போட்டாள். தவழும் பிள்ளையின் அளவுதான் அது. ஒருமுறை தட்டினாள். அதற்குமேல் கை எழவில்லை. பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

சுஹைலா அவளை வெளியே பெஞ்சுக்கு அழைத்துப்போய்த் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். உமாதேவி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, இத மட்டும் அன்னைக்குச் செஞ்சிருந்தா தம்பி பொழச்சிருப்பானா?"

சுஹைலா அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "பொழச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம். கடல பொல்லாதது, உமா. ஆனா ஒண்ணு சொல்றேன். விரல விட்டு எடுக்கப் பாக்கறதுதான் அப்ப எல்லாரும் செஞ்சது. நர்ஸுக்குப் படிக்காம இருந்திருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். அந்த ஆயாவுக்கு யாரு வந்து சொல்லிக் குடுத்தா?"

வீட்டுக்கு வந்ததும் உமாதேவி அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். சாரதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு தலையணையை முன்கையில் குப்புறப் போட்டு, உமாதேவி கற்றுக்கொண்டதைச் செய்து காட்டினாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சாரதாவின் விரல்கள் கீரைக்குள் அசையாமல் நின்றன.

"இது அம்மாக்கண்ணுவுக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"யாருக்குமே தெரியாதும்மா. டிஸ்பென்சரி டிரஸ்ஸர் அய்யாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அவரு அன்னைக்கு டவுனுக்குப் போயிருந்தாருன்னு நீங்கதானே சொல்வீங்க."

சாரதா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த திருச்செல்வத்திடம், "மாப்ள, ஞாயித்துக்கெழம காடி எடுப்பீங்களா? திரிங்காப் வரைக்கும் போவணும்" என்றாள்.

அம்மாக்கண்ணுவின் வீடு முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு மேலே, பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. மகன் காய்கறி லோரி ஓட்டுகிறான். அவள் முற்றத்தில் உட்கார்ந்து லோபாக் முள்ளங்கியைக் கழுவிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பு ஒடுங்கி, முடி பஞ்சாகியிருந்தது. வந்தவளை அடையாளம் கண்டதும் கிழங்கு கையிலிருந்து நழுவியது.

"சாரதாவா?"

"நாந்தான்க்கா."

அம்மாக்கண்ணு முக்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காரு. பனியில வந்திருப்ப, தேத்தண்ணி போடறேன்" என்றாள்.

தேத்தண்ணீர் குடித்தபடி யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்று பேசினார்கள். கங்காணி மாடசாமி போன கதை, பெரட்டில் தூங்கி விழுந்தவளின் கதை, துரை வீட்டு நாய் ஏணைக்கடியில் வந்து படுத்துக்கொண்ட கதை. அம்மாக்கண்ணு ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். உமாதேவி, "ஆயா, ஒங்க கம்பளிச் சட்டைய நாங்கதான் பிரிச்சு எடுத்தோம்" என்றதும், அவள் உமாதேவியின் கன்னத்தைத் தடவி, "நீ ரொம்ப இழுப்ப" என்றாள்.

பேச்சு நின்ற ஒரு நேரத்தில் அம்மாக்கண்ணு குனிந்துகொண்டே சொன்னாள். "தெனமும் நெனைக்கறேன் சாரதா. இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா என்னன்னு."

"வேகத்துல ஒண்ணுமில்லக்கா. நீ என்னா செய்வ, ஒனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல." சாரதா முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கு அப்ப யாரையாச்சும் அடிக்கணும் போல இருந்திச்சு. பக்கத்துல நீ இருந்த."

அம்மாக்கண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உமாதேவியிடம், "என்னா செய்யணும்? எனக்குக் காட்டு" என்றாள். உமாதேவி ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுத்தாள். கிழவியின் முன்கையில் அதைக் குப்புறப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, எங்கே தட்ட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினாள். அம்மாக்கண்ணு தட்டினாள். நிறுத்தச் சொல்லும் வரை தட்டிக்கொண்டே இருந்தாள். சாரதாதான் எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது உமாதேவி அவளைத் திறப்பு நாளுக்கு அழைத்தாள். "அந்த வாசப்படிய மட்டும் என்னால மிதிக்க முடியாதும்மா" என்றாள் அம்மாக்கண்ணு. யாரும் வற்புறுத்தவில்லை.

உமாதேவி பயிற்சியை முடித்தாள். சான்றிதழ் வாங்கிய நாளில் சசிரேகா கேசரி கிண்டி லயம் முழுக்கக் கொடுத்தாள். ஆண்கள் சேர்ந்து கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், படிக்கட்டில் தடுப்புக் கதவு வைத்தார்கள், கண்ணாடி உடைந்த ஜன்னல்களைச் சரிசெய்தார்கள். ஏணைகள் திரும்ப வரவில்லை. அதற்குப் பதில் தாழ்ந்த கட்டில்கள் வந்தன. விட்டத்துக் கயிற்றுத் தடங்களின் மேல் மட்டும் சுண்ணாம்பு பூச வேண்டாம் என்று உமாதேவி கேட்டுக்கொண்டாள்.

திறந்த அன்று சாரதா தொழிற்சாலையைச் சுற்றாமல் நேர்வழியில் நடந்து வந்தாள். வாசலில் கொஞ்சம் தயங்கினாள், உள்ளே வந்தாள், சசிரேகாவின் சின்னப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாக்கண்ணு வரவில்லை. அவள் மகன் லோரியை நிறுத்தி ஒரு கூடை காய்கறி இறக்கிவைத்துவிட்டுப் போனான்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுஹைலா தானா ராத்தாவிலிருந்து வருகிறார். அன்று அம்மாக்களோடு அப்பாக்களும் வந்து தரையில் உட்கார வேண்டும் என்பது உமாதேவியின் கண்டிப்பு. முதல் முறை சசிரேகாவின் கணவன் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தபோது கொட்டகையே அதிரும்படி சிரித்தார்கள். அவனை மறுபடி மறுபடி செய்யவைத்தாள் உமாதேவி. சரியாக வந்த பிறகுதான் அவனுக்குத் தேத்தண்ணீர் கிடைத்தது.

மற்ற சனிக்கிழமைகளில் சாரதா வீட்டில் இருப்பதில்லை. அம்மாக்கண்ணு மகனின் காய்கறி லோரி கீழிருந்து திரும்பிப் போகும்போது அதில் ஏறித் திரிங்காப்புக்குப் போய்விடுகிறாள். பொழுது சாய்ந்துதான் வருகிறாள். அங்கே அப்படி என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால், "பழங்கததான், வேற என்னா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள்.