மேல்தாடையில் ஒரு சிடி டிரைவ்

வீடு மாறுவதென்று முடிவானதும் மனைவி இரண்டு சுருள் ஸ்டிக்கர் வாங்கி வந்தாள். பச்சை ஒட்டினால் புது வீட்டுக்கு வரும், சிவப்பு ஒட்டினால் பழைய சாமான் கடைக்குப் போகும். அவள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் பொறுப்பாளர். அலமாரியில் அசையாமல் கிடக்கும் பொருளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. புது வீடு இந்த வீட்டில் பாதிதான் என்பதால் சட்டத்தையும் சுருக்கமாகப் போட்டுவிட்டாள்: வேலை செய்தால் வரும், செய்யாவிட்டால் போகும்.

இதைக் கேட்டதும் அவள் கணவர் பல்செட்காரர் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். போன மாதம்தான் அவரே வேலையிலிருந்து நின்றிருந்தார். பல் லேபில் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக்கொடுத்தவர். இப்போது அதை ஒரு மெஷின் பார்த்துக்கொள்கிறது. மனைவி ஸ்டிக்கரோடு அறை அறையாக வரும்போதெல்லாம் அவர் ஒரு துணியை எடுத்து ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். வீட்டு ஜன்னல்கள் அந்த வாரம் பளபளவென்று இருந்தன.

அவருடைய பழைய கம்ப்யூட்டர் முன்னால் அவள் வந்து நின்றாள். கீபோர்டும் வயிறும் ஒன்றாக இருக்கும் ரகம், டிவியில் செருகினால் படம் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்தது, ஆகவே அந்த வீட்டில் அவளைவிட அது சீனியர். அதன் ஃபிளாப்பி டிரைவ் மண்டையைப் போட்டுப் பல வருஷம் ஆகிறது.

"இது என்ன வேலை செய்யும்?"

"செய்யும்."

"என்ன வேலைன்னு கேட்டேன்."

"உன் பாட்டு சிடி எல்லாம் இதுல போடலாம்," என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

பாட்டு சிடி பெட்டிக்கு அவள் முதல் நாளே பச்சை ஒட்டியிருந்தாள். அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒரு கருவியும் இல்லை. சட்டப்படி அந்தப் பெட்டிக்குச் சிவப்புதான் என்பது இருவருக்கும் தெரியும். அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு அவர் அசடு இல்லை.

"ஞாயித்துக்கிழமை தம்பி வண்டி கொண்டு வரான். அதுக்குள்ள பாடட்டும், பார்ப்போம்," என்று எந்த ஸ்டிக்கரும் ஒட்டாமல் போய்விட்டாள்.

சிவப்பு ஸ்டிக்கர் குவியலில் செத்துப்போன லேப்டாப் ஒன்று கிடந்தது. அதிலிருந்த சிடி டிரைவைக் கழற்றினார். விரல் தடிமன்கூட இல்லை. ஃபிளாப்பி இருந்த குழிக்குள் அது தாராளமாகப் போயிற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அடாப்டர் பலகை, ஒரு நாடா வயர். சிடி படிக்கிற புரோகிராமை மெமரி கார்டில் ஏற்றிவிட்டார். எல்லாம் பேசிவைத்த மாதிரி நடந்தது, திருகாணி ஒன்றைத் தவிர. கம்ப்யூட்டரின் ஓட்டைகள் ஓரிடம், டிரைவின் ஓட்டைகள் வேறிடம். ஆடாமல் எப்படிப் பிடித்து நிறுத்துவது?

அப்போதுதான் அவருக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. ஈறு கட்டும் ரோஸ் நிறப் பவுடர் அரை டப்பா மிச்சம் இருந்தது. திரவம் விட்டுக் குழைத்துப் பூசினால் அரைமணியில் கல்லாகிவிடும். கம்ப்யூட்டரைக் குப்புறப் போட்டு, அடிமூடியைக் கழற்றி, டிரைவைத் தட்டு மேலே பார்க்கும்படி வைத்துப் பூசினார். பூசி முடித்ததும் பொத்தானை அமுக்கினார், தட்டு வெளியே வந்தது. சிடியை வைத்து அமுக்கினார், சுற்றியது. தாளம் போட்டுக்கொண்டே மூடியைப் பூட்டினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேல்தாடைப் பல்செட் வாய்க்குள்தான் மேலே இருக்கும். லேபில் அது மல்லாந்தே கிடக்கும், பல் கூரையைப் பார்த்தபடி. அதைக் கவிழ்த்து மாட்டுவது டாக்டர் பாடு. பல்செட்காரர் ஆயுள் முழுக்க மேல்தாடையை மல்லாத்தியே வைத்து வேலை பார்த்தவர். இனி இதைத் திருப்பி வைக்க வேண்டியதும் தானேதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை நேராகத் திருப்பி வைத்து, டிவியில் செருகி, பொத்தானை அமுக்கினார். ரோஸ் நிற ஈறு நடுவிலிருந்து தட்டு நாக்கை நீட்டியது. சிடி உட்கார வேண்டிய பக்கம் கீழே தரையைப் பார்த்தது.

வண்டியோடு வந்திருந்த மச்சினன் குனிந்து பார்த்தான். மறுபடி நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, சிடி போட்டா கீழ விழுந்துடாதா?"

"விழாது. லேப்டாப் டிரைவ்ல நடுவுல கவ்விப் பிடிக்க கொக்கி இருக்கும்." குரல் அவருக்கே கேட்கவில்லை. மனைவி ஒரு கையில் பச்சையும் ஒரு கையில் சிவப்புமாக நின்றிருந்தாள். "ஆனா ஒருத்தர் முன்பக்கம் தூக்கிப் பிடிக்கணும். ஒருத்தர் கீழேருந்து அமுக்கணும்."

மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். மனைவி சுருள்களை மேஜையில் வைத்தாள். கம்ப்யூட்டரின் முன்பக்கத்தைத் தூக்கினாள். அவர் சிடியைக் கீழிருந்து கொண்டுபோய் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். வாயில் மேல்செட் மாட்டும் டாக்டர்கள் அப்படித்தான் அமுக்குவார்கள், அவர் பார்த்திருக்கிறார். டொக்கென்று கவ்வியது. தட்டு உள்ளே போனது. கொஞ்சம் உறுமியது. பிறகு பாடியது.

அவள் முதல் பாட்டு முடியும்வரை நின்றே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மேஜைமேல் இருந்த சிவப்புச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குச் சிவப்பு விழுந்தால் அடுத்தது தனக்குத்தான் என்று நிஜமாகவே பயந்தார்.

"ரெண்டு நாள் குடு," என்றார். "ஈறை அறுத்து எடுத்துட்டு நேரா வெச்சுடறேன்."

"எதுக்கு?"

"நீ ஒரு ஆளாவே போட்டுக்கலாமே."

"ஒரு ஆளாவே போட்டுக்கிறதுக்கு அப்புறம் நீங்க எதுக்கு?" என்றாள். பச்சை ஸ்டிக்கரைக் கிழித்துக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டினாள். "கை வெச்சுடாதீங்க. இப்படியே இருக்கட்டும்."

அவர் சட்டென்று குனிந்துகொண்டார். வயரைச் சுருட்டினார், தப்பான வயரை. பாட்டு நின்றுபோனது.

புது வீட்டில் முதல் சாயங்காலம் பெட்டிகளைப் பாதிதான் பிரித்திருந்தார்கள். பழக்க தோஷம், அவர் துணியை எடுத்துக் கூடத்து ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. வேலை இருக்கு."

துணியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். அந்த ஜன்னல் இன்றுவரை பாதி துடைத்தபடியேதான் இருக்கிறது.