குவைத்துக் காளான்

கலைச்செல்வன் குவைத்தில் ஒரு பணக்கார வீட்டுக்கு டிரைவராக இருந்தான். ஐப்பசி பிறந்ததும் லீவில் ஊருக்கு வந்தவன், பெட்டியிலிருந்து இரண்டு தகர டப்பாக்களை எடுத்து மனைவி சுதாவிடம் கொடுத்தான்.

"ஃபகா. பாலைவனத்துக் காளான். மண்ணுக்கு அடியில உருளைக்கெழங்கு மாதிரி வெளையும். இடி இடிச்சாத்தான் வரும்னு அரபிங்க சொல்லுவாங்க. ஞாயித்துக்கெழம மாமா வூட்டு ஆளுங்க எல்லாரையும் இங்க கூப்புட்டு பிரியாணி பண்ணிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாகறலிலிருந்து அவனுடைய மாமா கிருஷ்ணசாமி குடும்பத்தோடு வந்தார். சுதா அடுப்படியில் அரிசியைக் கிளறிக்கொண்டிருக்க, கூடத்தில் கலைச்செல்வனின் குரல் ஓங்கிக் கேட்டது.

"மழை பேஞ்ச பின்னால குடும்பம் குடும்பமா வண்டி எடுத்துக்கினு கெளம்பிடுவாங்க மாமா. கூடாரம் அடிச்சி தங்குவாங்க. மண்ணு லேசா வெடிச்சி தூக்கிக்கினு இருக்கும், அத கண்டுபுடிக்கணும். கோடீஸ்வரன்கூட குனிஞ்சிக்கினேதான் நடப்பான். அப்புறம் நெய்யில வதக்கி, ஒரே தட்ட சுத்தி ஒக்காந்து துன்னா... அடடா!"

"நீயும் அவங்களோட ஒக்காந்தியா?" என்றார் மாமா.

"பின்ன? என்ன அவங்க புள்ள மாதிரி இல்ல வச்சிகிறாங்க!"

சுதாவின் கரண்டி நின்றது. அவளுக்குத் தெரிந்த கதை வேறு. இருந்தாலும், சொந்தக்காரர்கள் எதிரில் கொஞ்சம் பெருமை பேசிவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில், கொல்லைப்பக்கம் போன கலைச்செல்வன் கத்துவது கேட்டது. வீட்டுக்குப் பின்னாலேயே அவர்கள் நிலம். வரப்போரத்துப் புற்றைச் சுற்றி, முந்தின நாள் பெய்த இடிமழையில் காளான் பூத்திருந்தது. ஏரிக்கரை இருளர் குடியிருப்பிலிருந்து பச்சையம்மாள் வந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவன் குவைத்தில் இருந்த காலமெல்லாம் சுதாவோடு நாற்று நட்டவள் அவள்தான். வருஷா வருஷம் அந்தப் புற்றுக் காளானில் பாதியைச் சுதாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

"யாரக் கேட்டு எங்க நெலத்துல கால வச்ச?"

"எப்பவும் இங்கதான் நைனா எடுக்குறேன். சுதாம்மாவுக்குத் தெரியும்."

"பொறுக்கித் துன்ற பழக்கத்தயெல்லாம் காட்டோட வச்சிக்கோ!"

கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். குடை விரியாத வெள்ளை மொட்டுகள் சேற்றில் சிதறின. அவற்றை ஷூ காலால் மிதித்துத் தேய்த்தான். மாமாவும் மற்றவர்களும் கொல்லை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுதா அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அங்க கோடீஸ்வரன் குனிஞ்சா பெருமை. இங்க இவங்க குனிஞ்சா பொறுக்கித் துன்றதா?"

"உள்ள போ சுதா. ஆளுங்க கீறாங்க."

"இருக்கட்டும். கேக்கட்டும். தை மாசம் போன் பண்ணி நீ அழுதியே, அத சொல்றேன். குளுருல நாளெல்லாம் மண்ணத் தோண்டி எடுத்தது நீ. கூடாரத்துல சுத்தி ஒக்காந்து துன்னது அவங்க. ஒனக்கு ஒரு ரொட்டியக் குடுத்து கார்ல போய் ஒக்காருன்னாங்க. ஒண்ணு திருடி வச்சிக்கினியான்னு அந்த வூட்டுப் பையன் ஒன் பாக்கெட்டத் தடவிப் பாத்தான். 'என்ன மனுஷனா மதிக்கலடி'ன்னு நீ அழுத. ஒன்கூட நானும் அழுதேன். இன்னிக்கு நீ பண்ணது இன்னா?"

நாலு பேர் எதிரில் அவனை அவள் நீ என்று பேசியது அதுதான் முதல் தடவை. அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை.

"அடி. அந்தப் பையன அடிக்க முடியல, என்னையாவது அடி."

கை கீழே இறங்கியது. கிருஷ்ணசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். சுதா குனிந்து, நசுங்காத காளான்களைப் பொறுக்கப் போனாள்.

"வுடும்மா," என்றாள் பச்சையம்மாள். குரல் கறாராக இருந்தது. "அவரு மெறிச்சத நான் துன்ன மாட்டேன். நெலம் உங்களுது, சரி. இந்தக் காளான யாரு நட்டாங்க?"

அவள் காலிக்கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பிரியாணி அடிபிடித்துவிட்டது. விருந்தாளிகள் பேருக்குச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் கலைச்செல்வன், "சொந்தக்காரங்க எதிர்ல என் மானத்த வாங்கிட்ட," என்றான்.

"பச்சையம்மா வூட்டுக்குப் போய் தப்புன்னு சொல்லிட்டு வா. அப்புறம் பேசு," என்றாள் சுதா.

அவன் போகவில்லை. சுதா சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நடவு நெருங்கியது. ஏரிக்கரையிலிருந்து ஒரு பெண்ணும் அவர்கள் நிலத்துக்கு வரவில்லை. அவன் வேறு ஆள் தேடி ஊரெல்லாம் அலைந்தான், கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு காலையில் அவனாகவே ஏரிக்கரைப் பக்கம் போனான். வெயில் ஏறித்தான் திரும்பினான்.

"தப்புன்னு சொன்னேன்," என்றான். "கேட்டுக்கினாங்க. ஆனா நடவுக்கு வரமாட்டாங்களாம். அந்தம்மா என்ன வாசல்லயே நிக்க வச்சிதான் பேசுச்சி."

"சரியாத்தான் பண்ணிகிறாங்க," என்றாள் சுதா.

அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாதி நிலம் அந்த வருஷம் தரிசாகவே கிடந்தது. மீதியை அவர்கள் இருவருமே சேற்றில் இறங்கி, முதுகு ஒடிய நட்டார்கள்.