இரட்டைக் கொம்பு

எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள். அப்படியென்றால் எதையோ கேட்கப் போகிறார்கள். என் கையில் இருப்பதைப் பிடுங்க வந்தவர்கள் யாரும் இதுவரை கத்தியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்று சொல்லி, மேசையில் இருக்கும் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

தலைமை ஆசிரியை தண்ணீர்க் குவளையை, எதிரே உட்கார்ந்திருந்த பாப்பாவின் அம்மா பக்கம் நகர்த்தினார்.

"பாப்பா நல்லா வந்துட்டிருக்கா. அதுல ஒரு குறையும் இல்ல."

அதுல இல்லையென்றால் வேறு எதிலோ இருக்கிறது.

மேசை நடுவில் மகளின் டேப் கிடந்தது. திரை முழுக்கச் சிறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்தின் கீழ் ஒரு சொல். தொட்டால் டேப் அந்தச் சொல்லைப் பேசும். தண்ணி. பசிக்குது. வெளிய. வேணாம். மகளுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். வாயால் அவள் பேசியதில்லை. போன வருடம் இந்த டேப் வந்த பிறகு விரலால் பேசுகிறாள்.

"அந்த 'வேணாம்' பட்டன்தான் பிரச்சினை," என்றார் தலைமை ஆசிரியை. "வாசிப்பு வகுப்புல எதக் காட்டினாலும் அதையே அமுக்குறா. எழுத்து அட்டை காட்டினா வேணாம். கதப் படம் காட்டினா வேணாம். போன வாரம் நான் வகுப்புக்குள்ள நுழையறேன், என்னப் பாத்தும் வேணாம். மத்த பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

சுவரோரம் நின்றிருந்த பயிற்சி டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளும் அன்று சிரித்திருக்க வேண்டும்.

"கொஞ்ச நாளைக்கு அத மறைச்சு வெச்சிடலாம். பட்டன மாத்துற பக்கத்துக்கு நீங்கதானே பாஸ்வேர்ட் போட்டு வெச்சிருக்கீங்க? அடுத்த வாரம் வெளிய இருந்து ஆளுங்க நம்ம வகுப்பப் பாக்க வர்றாங்க. அவங்க முன்னாடி 'நன்றி', 'எனக்குப் படிக்கப் பிடிக்கும்' ரெண்டையும் அமுக்கினா போதும்."

"அது அவளுக்கு..." என்று பயிற்சி டீச்சர் தொடங்கினாள். தலைமை ஆசிரியை திரும்பிப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டாள்.

"பட்டன் அப்படியே இருந்தா அந்த வகுப்புல அவளால உக்கார முடியாதும்மா. அந்த இடத்துக்குக் காத்துட்டிருக்கிற புள்ளைங்க இருக்காங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பேசாத பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பு ஊரில் இது ஒன்றுதான். அதற்காகக் காத்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் மேடம்," என்றாள். சொன்ன உடனே தன் குரல் மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. நாள் முழுக்க 'சரிங்க', 'ஒரு நிமிஷம் இருங்க', 'டாக்டர் இப்ப கூப்பிட்டுடுவாரு'. வலியில் வருகிறவர்கள் யார் மீதாவது எரிந்து விழ வேண்டும். விழுவதற்கு இடம் கொடுப்பதுதான் அவள் வேலை. அந்தக் குரலை வீட்டு வாசலில் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியவில்லை. புகுந்த வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே 'சரிங்க'தான். நல்ல பொம்பள என்று பெயர் எடுத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லால்தான் என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும்.

டேப்போடு வந்த குரல் செய்தி வாசிப்பவர் மாதிரி இருந்தது. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று அது முதல்முறை சொன்னபோது, "தலைப்புச் செய்திகள் முடிஞ்சுதா, விரிவா வருமா?" என்று கேட்டான் கணவன். அதனால் பயிற்சி டீச்சர் கட்டங்களையெல்லாம் அம்மாவின் குரலிலேயே பதிவு செய்யச் சொன்னாள். மற்றதெல்லாம் சுலபமாக வந்தது. 'வேணாம்' மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில் குரல் மேலே ஏறியது.

"அக்கா, நீங்க சொல்றது வேணாம் இல்ல, வேணாமா. யார்கிட்ட அனுமதி கேக்குறீங்க?" என்று பயிற்சி டீச்சர் சிரித்தாள்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சொல்லிப் பார்த்தாள். யாரிடம் சொல்வதாக நினைத்துச் சொல்வது என்று யோசித்தபோது முகங்கள் வரிசையாக வந்தன. கடைசியில் பதிவானது அவளே இதுவரை கேட்டிராத குரல். "யாருடி இது?" என்றான் கணவன். "இவங்க நம்ம வீட்டுக்கு எப்ப வந்தாங்க?"

மகள் அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு முன் அவளுடைய மறுப்பெல்லாம் தன் இடது மணிக்கட்டில்தான். பிடிக்காத சட்டை, பெரிய சத்தம், தலையைத் தடவும் உறவினர் எதுவானாலும் பல் பதியக் கடித்துக்கொள்வாள். தோல் காய்த்துப் போயிருந்தது. கட்டம் வந்தபின் மணிக்கட்டுக்கு ஓய்வு. வாரக் கணக்கில் அவள் கடிக்கவில்லை. கணவன் மகளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்தான். எதைச் சொன்னாலும் ஆட்சேபணை.

தலைமை ஆசிரியையைப் பார்த்த அன்று மாலை, அவன் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"ஒரு வாரம்தானே. வகுப்பு போச்சுன்னா திரும்பக் கிடைக்குமா? பசங்க அலாரம் பட்டன வெளையாட்டுக்கு அமுக்கிட்டே இருந்தா நாங்ககூட ரெண்டு நாளைக்கு வயரக் கழட்டி விட்டுடுவோம்."

"அந்த ரெண்டு நாள்ல யாராச்சும் மாட்டிக்கிட்டா?"

"அதுக்குத்தான் வெளிய சொல்ல மாட்டோம்," என்றவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "சும்மா மறைச்சுப் பாரு. அவ கண்டுக்காமலே போயிடலாம்."

அவள் பாஸ்வேர்டைப் போட்டாள். ஒரே தட்டு. கட்டம் இருந்த இடம் வெள்ளையானது. இவ்வளவு லேசாகவா என்றிருந்தது. ஒரு பிள்ளையின் வாயை மூட வேண்டுமானால் கையாவது வலிக்க வேண்டாமா?

மகள் ஜன்னல் திரைச்சீலையின் வளையங்களைக் கம்பியில் இழுத்து இழுத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிக்க அழைத்ததும் டேப்பிடம் வந்தாள். விரல் நேராக அந்த இடத்துக்குப் போனது. வெள்ளை. மறுபடி தொட்டாள். டேப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அடுத்து இடது கை வாய்க்கு ஏறியது.

"வேணாம்டா கண்ணு," என்று அம்மாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கு மட்டும் அந்தச் சொல் இருக்கிறது என்று அப்போது உறைத்தது.

மகள் கடிக்கவில்லை. மணிக்கட்டைப் பற்களில் வைத்தபடியே வலது கையால் திரையைத் தள்ளினாள். எழுத்துப் பக்கம் வந்தது. வாசிப்பு வகுப்புக்காகச் சேர்த்த பக்கம். அதை அவள் தானாகத் திறந்து யாரும் பார்த்ததில்லை. விரல் தேடியது. முதலில் இரட்டைக் கொம்பு. அடுத்து வ. ண. கால். ம. புள்ளி.

டேப்பின் சொந்தக் குரல் வாசித்தது: "வணாம்."

"யாருக்கு வணக்கம் வெக்கிறா?" என்று சமையலறையிலிருந்து கணவன் கேட்டான்.

மகள் அழித்தாள். மறுபடி கொம்பு, வ, ண, கால், ம, புள்ளி. "வணாம்." திரையில் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றது.

அம்மா திரையைக் குனிந்து பார்த்தாள். மகள் எழுத்தைத் தப்பாகப் போடவில்லை. கண்ணால் பார்த்ததை அப்படியே போட்டிருக்கிறாள். கட்டத்தின் கீழே இத்தனை நாளும் இருந்த சொல்லில் கொம்புதான் முன்னால் நிற்கும், வ அதற்குப் பின்னால். கையால் எழுதுகிறவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். டேப்புக்கு மட்டும்தான் வ முதலில் வேண்டும். வகுப்பில் எழுத்து அட்டைகளைத் தள்ளித் தள்ளி விட்டவள் இந்த ஒரு சொல்லை யாரும் சொல்லித்தராமல் படித்து வைத்திருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, வ-வை அழுத்தி, பிறகு கொம்பை அழுத்தினாள். கொம்பு தாண்டிக் குதித்து வ-வுக்கு முன்னால் போய் நின்றது. மகள் அதையே பார்த்தாள். அழித்தாள். வ. கொம்பு. குதித்தது. அழித்தாள். பிறகு முழுவதும் போட்டாள்.

"வேணாம்," என்றது டேப்.

கணவன் கையில் கரண்டியோடு வந்து நின்றான். திரையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான்.

"என்னடி இது. வக்கீலம்மா எழுத்து மூலமாவே குடுத்துட்டா."

"பாத்தீங்கல்ல."

"பாத்தேன்," என்றான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கே கூச்சமா இருக்கு. அத முதல்ல திரும்பப் போடு," என்றான்.

போட்டாள். மகள் தன் கட்டத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரைச்சீலைக்குத் திரும்பினாள். அன்று அவள் குளிக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். மகள் மேசை விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டு நின்றாள்.

"முடிவு பண்ணியாச்சா?"

"நேத்து இவ எழுதினா மேடம். சொந்தமா."

தலைமை ஆசிரியை உண்மையாகவே மலர்ந்தார். "அப்படியா? என்ன எழுதினா?"

"வேணாம்னு."

பயிற்சி டீச்சரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா தெரியவில்லை. தலைமை ஆசிரியை மட்டும் சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். அப்ப இன்னும் வசதியாப் போச்சு. எழுதத் தெரிஞ்சவளுக்குப் பட்டன் எதுக்கு? எடுத்துடலாம்."

"உங்களுக்கும் எழுதத் தெரியும் மேடம். யாராச்சும் கால மிதிச்சா எழுதியா காட்டுவீங்க?"

இது என் வாயிலிருந்தா வந்தது என்று அவள் யோசித்தாள். சொன்னதைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

"கோபப்பட வேணாம்மா," என்றார் தலைமை ஆசிரியை, பழைய மெதுவான குரலில். "உங்க பொண்ணு நல்லதுக்குத்தான். ஆளுங்க வந்துட்டுப் போகட்டும், அப்பறம் நீங்களே திரும்பப் போட்டுக்கோங்க. அந்த இடத்துல வேற புள்ளைய உக்கார வெக்க எனக்கும் மனசு வரல."

டேப்பை எடுத்து, மாற்றும் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்ட் கேட்கும் கட்டத்தோடு அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

வகுப்பு போய்விடும். நாளை முதல் சாயங்காலங்களில் வேலை முடிந்து வந்து நானே உட்கார வேண்டும். எனக்குச் சொல்லித்தரத் தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும். தப்பு நடக்கும். இதையெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தாள். பயம் இருந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டாள்.

பாஸ்வேர்ட் கட்டத்தை மூடினாள். திரையில் எல்லாக் கட்டங்களும் திரும்பி வந்து நின்றன. டேப்பின் பட்டையை மகளின் தோளில் மாட்டி, நீளம் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"அப்ப, என்ன சொல்றீங்க?" என்றார் தலைமை ஆசிரியை.

"அந்த இடத்த அடுத்த புள்ளைக்குக் குடுத்துடுங்க மேடம்," என்றாள். "நான் அந்தப் பட்டன எடுக்கப் போறதில்ல."